வலிக்காத கால்

"வலிக்குதாப்பா?" என்று கேட்டால் அப்பா சிரிப்பார். "வலிச்சா சொல்ல மாட்டேனா?" இடது கட்டைவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில், இருபது சென் காசு அளவுக்குப் புண். காலுறையில் பட்ட கறையை அம்மா துவைக்கும்போது பார்த்ததால்தான் வெளியே தெரிந்தது.

கிளினிக்கில் மிஸ்ஸி தங்கூசி மாதிரி ஒரு நைலான் இழையை எடுத்தார். பத்து கிராம் அழுத்தம் பட்டால் வளைகிற இழை. "கண்ணை மூடிக்குங்க அங்கிள், தொடும்போது சொல்லுங்க." தொட்டார். அப்பா பேசவில்லை. வேறு இடத்தில் தொட்டார். அப்பா இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்து, கண்ணை மூடியபடியே காத்திருந்தார்.

2023 தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களிடையே இன்னும் அதிகம். நம் வீடுகளில் சீனி இல்லாத தேநீர் தெரிகிற அளவுக்குப் பாதம் தெரிவதில்லை.

வருஷக்கணக்கில் சர்க்கரை ஏறிக் கிடந்தால் நரம்புகள் கால் நுனியிலிருந்து மங்கத் தொடங்கும். உணர்ச்சி மட்டும் போவதில்லை. பாதத்தின் சிறு தசைகள் தளர்ந்து விரல்கள் மடங்க, எடை விழும் இடம் மாறுகிறது. வியர்வை நின்று தோல் வெடிக்கிறது. எடை விழும் இடத்தில் காய்ப்பு தடிக்கிறது. அந்தக் காய்ப்பே செருப்புக்குள் கிடக்கும் கல் மாதிரி உள்ளே அழுத்தி, மேலே ஒன்றும் தெரியாமல் அடியில் சதையைக் கொல்கிறது.

முதல் நாள் டாக்டர் பாதத்தில் நாடி பார்த்தார். ரத்தம் கீழே வராவிட்டால் எந்த மருந்தும் எடுபடாது, அடைப்புக்குத்தான் முதலில் வழி பார்க்க வேண்டும். அப்பாவுக்கு நாடி இருந்தது. எலும்பு வரை போயிருக்கிறதா என்று மழுங்கிய கம்பியால் தொட்டுப் பார்த்தார்கள். போகவில்லை. பிறகு காய்ப்பையும் செத்த சதையையும் பிளேடால் சீவினார்கள், மரத்துப்போக ஊசிகூட இல்லாமல். அப்பா தன் சூப்பர்வைசரைப் பற்றிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் வயிற்றைப் பிரட்டியது.

புண்மேல் என்ன போடலாம் என்பதில் எல்லாருக்கும் கருத்து உண்டு. அத்தை மஞ்சள் என்றார், பக்கத்து வீட்டில் தேன் என்றார்கள். டாக்டர் கேட்டது வேறு: "இந்தக் கால்ல எவ்வளவு நேரம் நிக்கிறீங்க?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் வேலூர் இருக்கிறது. 1946இல் அங்கே போன பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயாளிகளின் சதை கிருமியால் தானாக அழுகவில்லை, வலி தெரியாததால் அவர்களே நடந்து நடந்து அதைச் சிதைக்கிறார்கள் என்று கண்டார். எடையைப் பாதம் முழுக்கப் பரப்பும் மாவுக்கட்டில் புண்கள் ஆறின. 1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போன பிறகு அதே பாடத்தை இனிப்பு நீர்க்காரர்களின் கால்களுக்கும் கொண்டுபோனார்.

பாடம் சரிதான். அப்பாவோ கொண்டோவில் ஜாகா, ஒரு ஷிப்ட் பன்னிரண்டு மணி நேரம். எம்சி முடிந்தால் மறுபடி ரவுண்ட் போக வேண்டும். கொடுத்த பூட்ஸைக் கழற்றிவிட்டு சிலிப்பரில் நடந்தார். அம்மா அதைப் பிடிவாதம் என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நமக்கு ஒரு கால் வலித்தால் யோசிக்காமலேயே மறுகாலுக்கு எடையை மாற்றிக்கொள்கிறோம். அவர் அதை ஒவ்வோர் அடியிலும் நினைவு வைத்துச் செய்ய வேண்டும். நொண்டுவதற்கும் வலி வேண்டுமே.

டாக்டர் கடிதம் கொடுத்த பிறகு கேட் பக்கம், நாற்காலி வேலை கிடைத்தது. பதினொன்றாவது வாரம் புண் ஐந்து சென் காசுக்கும் சிறிதாகிவிட்டது. ஆறினாலும் அந்த இடம் மறுபடி திறக்கக்கூடும். ராத்திரி அம்மா கண்ணாடியைக் கீழே வைத்துப் பாதம் பார்க்கிறார். ஷூ போடும் முன் உள்ளே கைவிட்டுத் தடவுகிறார்.

போன வாரம் அப்பா ஆரம்பித்தார்: "தைப்பூசம் வருது. பத்துமலைக்குச் செருப்போட போனா பார்க்கிறவன் என்ன நினைப்பான்?"

தார் ரோடு மத்தியானம் எப்படிக் கொதிக்கும் என்று சொன்னேன்.

"எனக்குத்தான் சுடாதே," என்றார்.

அம்மா கட்டுத்துணியை மடித்துக்கொண்டே, "அதுக்குத்தான் சொல்றோம்," என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. இன்னும் மூணு வாரம் இருக்கு.