ஐந்தாம் வேற்றுமையும் அய்ஷெயின் உயரமும்

போன ஜூனில் அங்காராவை விட்டுக் கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது, என் பாடக் குறிப்புகளைப் புதிதாக வந்த ஒருங்கிணைப்பாளரிடம் ஒப்படைத்தேன். வயது முப்பதுக்குள் இருக்கும். புரட்டிக்கொண்டே வந்தவர் ஒப்பீட்டுப் பகுதியில் நின்றார். "இதற்கு ஆறு வகுப்பா, ஹோஜாம் (ஆசிரியரே)? டால், டாலர், டாலெஸ்ட். என்னிடம் ஸ்லைடு இருக்கிறது, பத்து நிமிடம் போதும்" என்றார். (தமிழில் எழுதினால் அமெரிக்கப் பணம் மாதிரித் தெரிகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.) நான் பதில் சொல்லவில்லை. பத்தொன்பது வருடம் துருக்கியருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் அந்த நேரத்தில் வாயைத் திறந்திருந்தால் சண்டையில்தான் முடிந்திருக்கும். அங்கே விழுங்கியதை இங்கே எழுதுகிறேன்.

துருக்கி மொழியில் பெயரடை அசைந்து கொடுக்காது. 'உஸுன்' என்றால் நெட்டை. அலி நெட்டை என்றாலும், அய்ஷெயைவிட நெட்டை என்றாலும், ஊரிலேயே நெட்டை என்றாலும் உஸுன் உஸுன்தான். வேலை முழுவதையும் பெயரோடு ஒட்டும் உருபு பார்த்துக்கொள்ளும்: 'அலி அய்ஷெதென் உஸுன்.' அந்தத் 'தென்'தான் எல்லாம். முன்னால் வரும் உயிரைப் பொறுத்து 'தன்' என்றும் ஆகும். 'தஹா' என்று ஒன்றைச் சேர்க்கலாம், சேர்க்காமலும் விடலாம். உச்சத்தைச் சொல்ல 'என்'. அளவு ஒத்திருந்தால் 'கதர்', சாயல் ஒத்திருந்தால் 'கிபி'. கதரும் கி.பி.யும் முதல் வாரமே எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டன.

முதல் இரண்டு வருடம் நானும் அட்டவணைதான் போட்டேன். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் எல்லோரும் நூற்றுக்கு நூறு. வாயைத் திறந்தால் 'மோர் டால் ஃப்ரம்'. மூன்றாம் குளிர்காலத்தில், கிஸிலாய் பக்கத்தில் நான் வேலை பார்த்த பயிற்சி மையத்தில், ஒரு பையன் ஒரு தாளை நீட்டினான். தன்னைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொல்லியிருந்தேன்.

'ஐ கம் ஃப்ரம் யோஸ்காத். ஐ ஆம் டால் ஃப்ரம் மை பிரதர். ஐ ஆம் அஃப்ரெய்ட் ஃப்ரம் டாக்ஸ். ஐ ஹேட் ஃப்ரம் ஆனியன். டுடே ஐ ஆம் லேட் ஃப்ரம் ஸ்னோ.'

ஐந்து வரியில் ஐந்து ஃப்ரம். முதல் வரியில் மட்டும் சரி. மற்ற நான்கையும் சிவப்பு மையால் சுழித்துவிட்டு மதிப்பெண் போடப் போனேன், கை நின்றுவிட்டது. நான்கு தவறு ஒரே மாதிரி வந்தால் அது தவறாக இருக்காது, ஏதோ ஒரு சட்டமாக இருக்கும் என்று தோன்றியது. உடனே நினைவுக்கு வந்தது ஒரு சீப்பு வாழைப்பழம்.

ஸ்ரீவைகுண்டம் பக்கம் நான் படித்த பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா ஒருவர். அடிக்க மாட்டார், ஆனால் எல்லோரும் பயப்படுவோம். வேற்றுமைப் பாடத்தன்று ஒரு சீப்பு நாட்டுப்பழத்தோடு வந்தார். ஒன்றைப் பிய்த்தார். "சீப்பின் நீங்கிய பழம். இது நீங்கல்." அதே பழத்தைச் சீப்பில் இருந்த இன்னொன்றோடு சேர்த்துப் பிடித்தார். "இதனின் பெரிது அது. இது ஒப்பு. ரெண்டுக்கும் ஒரே உருபு. ஏம்ல?" யாரும் வாய் திறக்கவில்லை. "எதுலருந்து பிய்க்கியோ, எதுலருந்து அளக்கியோ, அதுதாம்ல அஞ்சாம் வேத்துமை." பிறகு அந்தப் பழத்தை உரித்து அவரே தின்றார்.

நன்னூலில் பவணந்தியார் ஐந்தாம் வேற்றுமைக்கு நான்கு பொருள் சொல்கிறார்: நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது. தொல்காப்பியரின் பட்டியல் இன்னும் நீளம். நிறம், வடிவம், அளவு, சுவை, குளிர்ச்சி, வெப்பம் என்று போய் அச்சத்தையும் அதில் அடக்குகிறார். கடைசியில் பற்றுவிடுதல்வரை வருகிறார். தாளை மறுபடி எடுத்தேன். யோஸ்காத் நீங்கல். அண்ணன் ஒப்பு. பனி ஏது. நாய் அச்சம். வெங்காயத்தைப் பற்றுவிடுதலில் சேர்த்துக்கொண்டேன். அந்தப் பையன் ஆங்கிலச் சொற்களைப் போட்டு அப்பழுக்கில்லாத துருக்கி எழுதியிருக்கிறான். அவன் எழுதியதை என் தமிழ் ஐயா திருத்தியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பார்.

தமிழும் துருக்கியும் அண்ணன் தம்பி என்று உறவு கொண்டாட நான் வரவில்லை. கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளைத் துருக்கியும் அடங்கிய சித்திய இனத்தோடு சேர்க்கப் பார்த்தார். இன்று மொழியியலார் அதை ஏற்பதில்லை. உறவில்லாத இரண்டு வீட்டில் ஒரே மாதிரிக் கதவு இருக்கலாம், அவ்வளவுதான். தமிழ் ஐயா காட்டிய அந்த 'இன்' உருபு இப்போது நம் பேச்சிலும் இல்லை, 'விட' என்கிறோம். 'விட'வும் விடுவதுதானே? அதுவும் நீங்கல்தான்.

மறுநாள் இருவரைக் கரும்பலகை முன் நிறுத்தினேன். அலி, அய்ஷெ என்று வைத்துக்கொள்ளுங்கள். அய்ஷெயின் தலை உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. "துருக்கி இந்தக் கோட்டிலிருந்து அளக்கத் தொடங்கும். ஆங்கிலம் அப்படி இல்லை. அது முதலில் அலியைச் சொல்லி முடித்துவிடும்: அலி இஸ் டாலர். மூச்சு விடு. அப்புறம்தான் அய்ஷெ." 'தேன்' (than) என்பதும் 'தென்' (then) என்பதும் ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் ஒரே சொல்லாக இருந்தவை, பின்னால்தான் எழுத்தில் பிரிந்தன. அலி நெட்டை, அப்புறம் அய்ஷெ. அந்த 'அப்புறம்' புரிந்தவர்களுக்கு ஃப்ரம் தானாக உதிர்ந்தது. உதிராதவர்களுக்கு அபராதம் வைத்தேன்: ஒரு ஃப்ரம்முக்கு ஒரு சிமித், அதாவது எள் தூவிய வளைய ரொட்டி. அந்த வாரம் வகுப்பே எள் வாசம்.

ஃப்ரம் போனதும் அடுத்தது வந்தது. மருத்துவமனையில் தாதியாக இருந்த ஒரு அம்மா எழுதினார்: 'மை மதர்ஸ் சூப் இஸ் மோர் டெலிஷஸ் தேன் ரெஸ்டாரன்ட்.' சூப்பை ரெஸ்டாரன்ட்டோடு ஒப்பிடுகிறார். துருக்கிப் பேச்சில் இது செல்லும். நம்மிடமும் செல்லும்: எங்கம்மா ரசம் ஓட்டலைவிட நன்றாக இருக்கும் என்றால், ஓட்டலைத் தின்றுபார்த்தாயா என்று யாரும் கேட்க மாட்டோம். ஆங்கிலம் கேட்கும். மருந்து துருக்கியிலேயே இருக்கிறது. 'உன்னுடையது' என்பதற்கு அவர்கள் 'செனின்கி' என்பார்கள். அந்தக் 'கி' போட்டு முதலில் துருக்கியில் சொல்லிப் பாருங்கள் என்றேன். கி வருகிற இடத்தில் ஆங்கிலத்தில் ஓர் 'எஸ்' வந்து உட்கார்ந்தது. இதற்கு இரண்டு வகுப்பு. 'த்ரீ புக்' என்பது இன்னொரு தொல்லை. எண்ணுக்குப் பிறகு துருக்கியில் பன்மை வராது. மூணு புஸ்தகம் வாங்கினேன் என்கிற நமக்கு அதில் என்ன வியப்பு? 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'அட்வைசஸ்' இரண்டுக்கும் மருந்து கிடையாது, மனப்பாடம்தான்.

அங்காராவிலேயே ஓர் இடத்தில், பெயர் வேண்டாம், வேலை கேட்டுப் போனபோது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்தான் வேண்டும் என்றார்கள். ஊர் சுற்ற வந்த ஒரு வெள்ளைக்கார இளைஞனை எடுத்துக்கொண்டார்கள். நல்ல பிள்ளை. இரண்டு மாதம் கழித்து ஒரு தேநீர்க் கடையில் என்னைப் பிடித்து, "இவர்கள் ஏன் நாயிலிருந்து பயப்படுகிறார்கள்?" என்று கேட்டான். ஐந்தாம் வேற்றுமை என்றேன். கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டான்.

அன்றாடச் சொற்களில் நான் அதிகம் கை வைத்ததில்லை. வேலையாக இருப்பவரைக் கடந்து போனால் துருக்கியர் 'கோலாய் கெல்சின்' என்பார்கள், சுலபமாக வரட்டும் என்று. சமைத்தவருக்கு 'எலினே சாலிக்', கைக்கு நலம் உண்டாகட்டும். எனக்குக் காய்ச்சல் வந்தபோது ஒரு மாணவி 'மே இட் பி பாஸ்ட், டீச்சர்' என்றாள். 'கெச்மிஷ் ஒல்சுன்' என்பதை அப்படியே இறக்கியிருந்தாள். கெட் வெல் சூன் என்று திருத்த மனம் வரவில்லை. முதலில் சொன்ன இரண்டுக்கும் ஆங்கிலத்தில் சொல் கிடையாது, அங்கே சும்மா இருந்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பேன். எங்கே பேசாமல் இருப்பது என்பதும் பாடம்தான். அது எந்த ஸ்லைடிலும் இல்லை.

இப்போது பிள்ளைகள் ஃபோனில் துருக்கியில் எழுதுகிறார்கள், அது ஆங்கிலமாக வந்து விழுகிறது. ஃப்ரம் எல்லாம் தேன் ஆகிவிடுகிறது. தவறு யார் கண்ணிலும் படுவதில்லை, எழுதியவன் கண்ணில்கூட. யோஸ்காத் பையன் இன்று அந்தத் தாளை எழுதினால் ஐந்து வரியும் சரியாக இருக்கும். நான் அவனைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள மாட்டேன். 2013 முதல் அங்கே இரண்டாம் வகுப்பிலேயே ஆங்கிலம் தொடங்குகிறது. அதன் பிறகும் பல்கலைக்கழகப் படிப்புக்கு முந்தைய ஹாஸிர்லிக் (ஆயத்த) வருடத்தில் 'ஐ ஆம்' என்பதிலிருந்து தொடங்குகிறவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

என் குறிப்பேடுகள் நான்கும் அந்த ஒருங்கிணைப்பாளரின் அலமாரியில் இருக்கின்றன. திறப்பார் என்று நம்பவில்லை. அங்கே ஆங்கிலம் கற்பிக்கப் போகிற தமிழ்ப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், பெட்டியில் ஒரு நன்னூலைப் போட்டுக்கொண்டு போங்கள். ஐந்தாம் வேற்றுமை சொல்லதிகாரத்தில், பெயரியலில் இருக்கிறது.