மரபறிந்து பெயர்த்தல்

ஒவ்வொரு மொழிக்கும் தனக்கென ஒரு மரபு உண்டு. யானையின் இளமையைக் கன்று என்பதும், நாயின் இளமையைக் குட்டி என்பதும், கோழியின் இளமையைக் குஞ்சு என்பதும் தமிழ் மரபு. இவற்றை மாற்றி வழங்கினால் பொருள் ஒருவாறு விளங்கினும் கேட்போர் நகைப்பர். ஏன் இவ்வாறு வழங்குகிறோம் எனின், நம் முன்னோர் அவ்வாறு வழங்கினர் என்பதையன்றி வேறு விடை இல்லை. தனிச்சொற்களுக்கு அமைந்த இம்மரபு சொற்றொடர்களுக்கும் உண்டு. 'கை கொடுத்தான்' என்றால் உதவினான் என்று கொள்கிறோம். 'கைவிட்டான்' என்றால் துணை நில்லாது அகன்றான் என்று கொள்கிறோம். கையின் தொழில் எதுவும் ஆண்டு நிகழ்வதில்லை. ஒரு மொழியைப் பிறிதொரு மொழியிற் பெயர்க்கப் புகுவோன் முதற்கண் இடறும் கல் இதுவேயாகும்.

தொல்காப்பியர் வழிநூலின் வகைகளுள் மொழிபெயர்ப்பையும் ஒன்றாக வைத்து எண்ணினார். ஆதலின் அத்தொழில் நமக்குப் புதியதன்று. எனினும் அதன் அருமையை யான் தெளிய உணர்ந்தது பள்ளிப் பணியினின்று ஓய்வு பெற்ற பின்னரே. அக்காலத்தில் என் பெயர்த்தி கல்லூரியில் ஸ்பானிய மொழியை ஒரு பாடமாகப் பயின்றாள். அப்பாடம் ஆங்கிலத்தின் வாயிலாக நடைபெற்றது. மாலைதோறும் அவள் ஸ்பானியத் தொடர்களை ஆங்கிலமாக்குவாள். யானும் உடனமர்ந்து பயிலலானேன்.

ஸ்பானிய மொழி ஸ்பெயின் நாட்டின் காஸ்தில் என்னும் பகுதியில் வளர்ந்தது. 1492-ஆம் ஆண்டில் கொலம்பஸ் கடல் கடந்து சென்ற பின்னர் அது அமெரிக்கக் கண்டத்திற் பரவியது. இன்று ஏறத்தாழ இருபது நாடுகளில் அஃது ஆட்சிமொழி. ஆங்கிலம் பெருவழக்காயுள்ள அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் கோடிக்கணக்கானோர் அதனைப் பேசுகின்றனர். ஆகவே ஸ்பானியத்தை ஆங்கிலமாக்கும் பணி ஆண்டுக் கல்லூரியோடு நின்றுவிடுவதில்லை. மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் நாள்தோறும் நிகழ்கின்றது.

முதலில் எளிய வினையொன்றைக் காண்போம். 'தெனேர்' என்பது 'உடைத்தாயிருத்தல்' என்னும் பொருளுடைய ஸ்பானிய வினை. பசித்தவன் 'தெங்கோ ஆம்ப்ரே' என்பான். 'யான் பசியை உடையேன்' என்பது அதன் சொற்பொருள். ஆங்கிலேயனோ பசியை உடையவனாகத் தன்னைக் கூறுவதில்லை. 'ஐ ஆம் ஹங்ரி', அதாவது 'யான் பசித்தவனாக இருக்கிறேன்' என்கிறான். தாகம், குளிர், அச்சம், உறக்கம், விரைவு ஆகிய அனைத்தையும் ஸ்பானியன் உடைமையாகவே கருதுகிறான். 'நீ சொல்வது சரி' என்று உடன்படும்போதும், 'நீ நியாயத்தை உடையை' என்னும் பொருள்பட 'தியேனெஸ் ராசோன்' என்பான். வயதும் அவனுக்கு உடைமையே. பதினைந்து வயதுச் சிறுவன் ஸ்பானியத்தில் 'பதினைந்து ஆண்டுகளை உடையேன்' என்கிறான். ஆங்கிலத்தில் 'யான் பதினைந்தாக இருக்கிறேன்' என்கிறான். தமிழில் 'எனக்கு வயது பதினைந்து' என்கிறான். செய்தி ஒன்று, அதனைக் காணும் கண்கள் மூன்று.

இனி, தமிழ் மாணவர்க்கு மகிழ்ச்சி தரும் ஒரு பகுதிக்கு வருவோம். 'மே குஸ்தா எல் லீப்ரோ' என்னும் தொடரை ஆங்கிலத்தில் 'ஐ லைக் தி புக்' என்று பெயர்ப்பர். ஆங்கிலத்தில் 'யான்' என்பது எழுவாய், புத்தகம் செயப்படுபொருள். ஸ்பானியத்திலோ புத்தகமே எழுவாய். விரும்புவோன் நான்காம் வேற்றுமையில் நிற்கிறான். 'எனக்குப் புத்தகம் பிடிக்கிறது' என்னும் நம் தொடரின் அமைப்பும் அதுவேயன்றோ? அவ்வாறே 'மே துவேலே லா கபேசா' என்பது 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பதேயாம். ஆங்கிலத்தை மட்டும் அறிந்த மாணவன் இவ்விடத்தில் எழுவாயைத் தேடித் திகைக்கிறான். தமிழ் மாணவனோ தன் வீட்டு முற்றத்தில் நடப்பவன்போல் நடக்கிறான். ஆங்கிலத்திற்கும் இம்முறை முற்றும் அயலானதன்று. பழைய ஆங்கிலத்தில் 'லைக்' என்னும் வினையின் முன்னோன் 'இன்புறுத்துதல்' என்னும் பொருளிலேயே வழங்கிற்று. அஃதாவது, பொருள் மனிதனை இன்புறுத்தியது. காலப்போக்கில் மனிதன் பொருளை விரும்பலானான். மரபும் மாறும் இயல்பினது என்பதற்கு இதுவே சான்று.

ஒரு நாள் என் பெயர்த்தி 'சே மே காயோ எல் வாசோ' என்னும் தொடரைப் படித்துவிட்டு எழுதுகோலைக் கீழே வைத்தாள்.

"தாத்தா, இதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'குவளை தானாக எனக்கு விழுந்தது' என்று வருகிறது. ஆங்கிலத்தில் இதற்குப் பொருளே இல்லையே!" என்றாள்.

"அம்மா, நம் வீட்டில் குவளை ஒன்று உன் கையினின்று விழுந்தால் உன் தாயிடம் என்ன சொல்வாய்?" என்று கேட்டேன்.

"கைதவறி விழுந்துவிட்டது என்பேன்."

"'கீழே போட்டேன்' என்று சொல்லமாட்டாயோ?"

"வேண்டுமென்று செய்தால்தானே அப்படிச் சொல்வேன், தாத்தா?" என்று அவள் விடை கூறினாள், கூறியவுடனே அத்தொடரின் பொருளும் அவளுக்கு விளங்கிவிட்டது.

ஸ்பானியன் குவளையை எழுவாயாக்கி, தன்னை அந்நிகழ்ச்சியால் தாக்குண்டவனாக நிறுத்துகிறான். மறதியையும் அவன் இவ்வாறே கூறுவான். நம்முடைய 'எனக்கு மறந்துபோயிற்று' என்பதனோடு அஃது ஒக்கும். ஆங்கிலேயன் பெரும்பாலும் 'ஐ டிராப்ட் இட்' என்பான். அவன் கருத்தில் அது பழியை ஏற்றுக்கொள்வதன்று; அவன் மொழி மரபு அவ்வளவே. ஆயினும் இம்மரபு வேறுபாடு நீதிமன்றத்தில் நுழையும்போது நிலைமை மாறுகின்றது. 'அது தவறி விழுந்துவிட்டது' என்று ஒருவன் கூறியதனை 'யான் அதனைக் கீழே போட்டேன்' என்று பெயர்த்தால், அவன் சொல்லாத ஒன்று அவன் வாக்குமூலத்தில் ஏறிவிடக்கூடும். 'அது விழுந்தது' என்று மட்டும் பெயர்த்தால், அவன் கையில் அஃது இருந்தது என்னும் செய்தி மறைந்துவிடும். 'என் கையினின்று நழுவிற்று' என்னும் ஆங்கிலத் தொடரே இவ்விரண்டிற்கும் நடுவே செல்லும் செம்மையான வழி. 1978-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடு தன் நடுவணரசு நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளர் தகுதி பற்றித் தனிச்சட்டம் இயற்றியது. வாயிலிருந்து வரும் ஒரு வினைச்சொல்லில் ஒருவன் விடுதலையே தொங்கக்கூடும் என்பதனை எண்ணுவோர்க்கு அச்சட்டத்தின் தேவை விளங்கும்.

சில இடங்களில் ஸ்பானிய வினை ஆங்கிலத்தில் வினையாகவே வருவதில்லை. 'அகாபோ தே கொமேர்' என்பதன் சொற்பொருள் 'உண்டலினின்று முடிக்கிறேன்' என்பது. உண்மைப்பொருள் 'இப்போதுதான் உண்டேன்' என்பது. 'முடித்தல்' என்னும் வினை 'இப்போதுதான்' என்னும் பொருளுடைய சிறு சொல்லாய்ச் சுருங்கிவிடுகிறது. 'படிக்கத் திரும்புகிறேன்' என்பது 'மீண்டும் படிக்கிறேன்' என்றாகும். 'இங்கே மூன்று ஆண்டுகளைச் சுமக்கிறேன்' என்று ஸ்பானியன் கூறினால், அவன் வந்து மூன்று ஆண்டு ஆயிற்று, இன்னும் இங்கேயே உள்ளான் என்று கொள்ளல் வேண்டும். ஒருத்தி குழந்தையை 'ஒளிக்குக் கொடுத்தாள்' என்றால், பெற்றெடுத்தாள் என்பது பொருள். இவ்விடங்களிலெல்லாம் வினைக்கு வினை தேடுவோன் வழிதவறுவான். கருத்துக்குக் கருத்துத் தேடுவோன் வழிகாண்பான்.

இனி, உவமை பொதிந்த மரபுத்தொடர்களைக் காண்போம். விளையாட்டாக ஒருவனை ஏய்த்து நகையாடுதலை ஸ்பானியர் 'மயிரைப் பிடித்தல்' என்பர்; ஆங்கிலேயர் 'காலை இழுத்தல்' என்பர். நாம் 'காலை வாருதல்' என்பது இதுவன்று. அது நம்பியவனைக் கெடுத்தலாகும். உருவம் ஒத்திருப்பதனால் பொருளும் ஒக்கும் என்று மயங்குதல் கூடாது. விலை மிகுந்த பொருளை ஸ்பானியர் 'முகத்துக் கண்ணொன்றை விலையாகக் கேட்கிறது' என்பர். ஆங்கிலேயர் 'ஒரு கையும் ஒரு காலும் விலையாகிறது' என்பர். நாம் 'யானை விலை குதிரை விலை' என்போம். 'கையிலுள்ள ஒரு பறவை பறக்கும் நூறினும் மேல்' என்பது ஸ்பானியப் பழமொழி. ஆங்கிலேயரோ 'புதரிலுள்ள இரண்டுக்கு ஈடு' என்று இரண்டோடு நிறைவடைகின்றனர்.

தகாத இடத்தில் தகாததைச் செய்து நாணமுறுதலை ஸ்பானியர் 'மெதேர் லா பாதா' என்பர். 'காலை உள்ளே இடுதல்' என்பது சொற்பொருள். ஸ்பானியத்தில் மனிதன் காலுக்கு ஒரு சொல்லும், விலங்கின் காலுக்கும் மேசை நாற்காலியின் காலுக்கும் வேறொரு சொல்லும் உண்டு. கன்று, குட்டி, குஞ்சு என்னும் நம் மரபினை ஒத்ததொரு பாகுபாடு இது. இத்தொடரில் வரும் 'பாதா' விலங்கின் கால். ஆகவே 'விலங்குபோல் காலை இட்டேன்' என்று தன்னைத் தானே எள்ளும் நகைச்சுவை அதனுள் இழையோடுகிறது. ஆங்கிலத்திலும் 'பாதத்தை அதில் வைத்தல்' என்னும் ஒத்த தொடர் உண்டு. அதனால் பொருள் முழுதும் வந்துவிடும். விலங்கு மட்டும் வாராது.

அங்ஙனமாயின் உருவத்தைக் காப்பதா, பொருளைக் காப்பதா? பேசுவோனது நோக்கமே இதற்கு விடை தரும். கடைத்தெருவில் விலையைக் குறைகூறுவோன் பேச்சில், கண்ணை விடுத்துக் கையும் காலும் வைத்தால் இழப்பொன்றுமில்லை. செர்வாந்தேஸ் 1605-ஆம் ஆண்டிலும் 1615-ஆம் ஆண்டிலும் இரு பகுதிகளாக வெளியிட்ட 'தோன் கிஹோத்தே' என்னும் கதையில் நிலைமை வேறு. அக்கதையில் வரும் சாஞ்சோ பான்சா எழுத்தறியாத உழவன். பழமொழிகளை மாலையாகத் தொடுத்துப் பேசுவான். அதற்காகத் தன் தலைவனிடம் வசையும் பெறுவான். அவன் பழமொழிகளை நீக்கி ஆங்கிலேயர் பழமொழிகளை இட்டால், ஸ்பானிய உழவன் மறைந்து ஆங்கில உழவன் வந்து நிற்பான். ஆண்டு உருவத்தையும் காத்தல் கடன்.

அந்நூலின் முதற்பகுதியைத் தாமஸ் ஷெல்டன் என்பவர் 1612-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்டார். செர்வாந்தேஸ் வாழ்ந்த காலத்திலேயே வந்த அப்பெயர்ப்பில் உயிரும் வேகமும் உண்டு. எனினும், 1885-ஆம் ஆண்டில் அக்கதையை மீண்டும் பெயர்த்த ஜான் ஆர்ம்ஸ்பி, ஒரு சொல்லுக்கு ஒரே பெயர்ப்பு எல்லா இடத்திற்கும் பொருந்தாது என்பதனை ஷெல்டன் எண்ணவில்லை என்று குறை கண்டார். அக்குறையின் இயல்பை 'தேதோ' என்னும் சொல்லால் அறியலாம். நம் 'விரல்' போல அது கைவிரலையும் கால்விரலையும் குறிக்கும். ஆங்கிலத்திலோ இரண்டிற்கும் வெவ்வேறு சொற்கள் உள்ளன. எவ்விரல் என்பதனை இடம் நோக்கியே துணிய வேண்டும்.

இடம் நோக்காமையால் நேர்ந்த பெருந்துயர் ஒன்றும் உண்டு. 1980-ஆம் ஆண்டில் புளோரிடா மாநிலத்தில் பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் உணர்விழந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டான். கியூபா நாட்டுவழி வந்த அவன் குடும்பத்தார், அவன் 'இந்தோக்சிகாதோ' என்று கூறினர். உண்டது ஒவ்வாமல் உடல் நலிந்தான் என்பதே அவர்கள் கருத்து. ஒலியால் ஒத்த ஆங்கிலச் சொல்லோ குடியாலோ போதைப்பொருளாலோ மயங்கியவனைக் குறிக்கும். தேர்ந்த மொழிபெயர்ப்பாளர் எவரும் அங்கில்லை. அவ்விளைஞன் போதைப்பொருளை மிகுதியாக உட்கொண்டவனாகக் கருதப்பட்டான். மூளையினுள் குருதி கசிந்துகொண்டிருந்தது என்னும் உண்மை காலந்தாழ்ந்தே வெளிப்பட்டது. அதற்குள் அவன் கைகளும் கால்களும் செயலற்றுப் போயின. குடும்பத்தார் சொல்லில் பிழையில்லை. மருத்துவர் அறிந்த ஆங்கிலத்திலும் பிழையில்லை. இரண்டிற்கும் நடுவே நின்று, 'இவர்கள் எதனைக் கருதிச் சொல்கிறார்கள்?' என்று கேட்பார் ஒருவர் இல்லாமையே பிழை.

ஆதலின் மாணவர்களே, நீங்கள் எம்மொழியினின்று எம்மொழிக்குப் பெயர்க்கப் புகினும் மூன்று வினாக்களை மறவாதீர்கள். சொல்லுவோன் யார்? எவரிடம், எவ்விடத்தில் சொல்லுகிறான்? அக்கருத்தையே மற்றைய மொழியார் அவ்விடத்தில் எவ்வாறு கூறுவர்? இவற்றிற்கு விடை கண்ட பின்னரே எழுதுகோலை எடுத்தல் வேண்டும். அகராதி சொல்லின் பொருள்களை வரிசைப்படுத்திக் காட்டும். அவற்றுள் இன்னதே இவ்விடத்திற்கு உரியது என்று துணிதல் பெயர்ப்போன் கடமை. பிறன் ஒருவன் தன் பசியை, நோயை, நியாயத்தைத் தன் மொழியில் நம்மிடம் ஒப்படைக்கிறான். அதனைக் குறையாமலும் கூட்டாமலும் உரியவரிடம் சேர்ப்பித்தலே மொழிபெயர்ப்பு என்னும் அறமாகும்.