பழுது கோச்சியில் இல்லை

கொலன்னாவை எண்ணெய்க் குதத்து ரயிலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளோடு சேர்ந்து, வகுப்பில் மாதிரி ரயில் பாதையொன்று போட்டோம். பாதை பிரியும் பொயின்டில் மட்டும் என்ஜின் நின்றது.

"கோச்சி பழுது சேர்" என்றார்கள்.

மல்டிமீட்டர் வைத்தோம்: ஓரத் தண்டவாளத்தில் 12 வோல்ட், நகரும் நாக்கில் 0. ஓரத் தண்டவாளத்தைத் தொட்டால்தான் நாக்குக்குக் கரண்ட் வரும்; தொடும் முனையில் கறை. ஸ்பிரிட்டால் துடைத்தோம், ஓடியது. திரும்பவும் கறை படியுமே! இரண்டையும் மெல்லிய வயரால் இணைத்தோம். தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் இடம் பிளாஸ்டிக் என்பதால் ஷோர்ட் ஆகாது.

பாடத்தில் நின்றுபோகும் பிள்ளையும் இப்படித்தான். 'மக்கு' என்று பெயர் வைக்க முன்னம், தொடுகை எங்கே விட்டிருக்கிறது என்று பார்ப்போம், ஆசிரியர்களே.