ஏரியை வலம் வருதல்

வரும் ஓகஸ்டில் சுப்பீரியர் ஏரியைச் சுற்றிவருவதென்று எங்கள் வீட்டில் முடிவாகியிருக்கிறது. முடிவு என்பது சற்றுப் பெரிய சொல். சாப்பாட்டு மேசையில் ஒரு வரைபடம் பல வாரங்களாக விரிந்து கிடக்கிறது. அதன்மேல் தட்டுகளை வைத்துத்தான் சாப்பிடுகிறோம். மிச்சிகன் கரையில் ஏற்கெனவே பருப்புக்கறி சிந்திவிட்டது.

ஸ்காபரோவிலிருந்து சூ சென் மரி நகர்வரை ஏறத்தாழ 700 கிலோமீற்றர். அங்கிருந்து ஏரியைச் சுற்றிவரும் வீதி சுமார் 2,100 கிலோமீற்றர். வீடு திரும்புவதையும் சேர்த்தால் 3,500. நன்னீர் ஏரிகளுள் பரப்பளவில் உலகிலேயே பெரியது இது: 82,100 சதுர கிலோமீற்றர். எங்கள் மகள் இலங்கையின் பரப்பளவைத் தேடியெடுத்து, 65,610 என்று வரைபடத்தின் ஓரத்தில் எழுதிவிட்டு, "அம்மம்மா, உங்கட முழு நாட்டையும் இதுக்குள்ள போட்டாலும் இடம் மிஞ்சும்" என்றாள்.

"போடவேண்டியதுதான்" என்றார் அம்மம்மா, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அம்மம்மா எங்களில் ஒருவருக்குத் தாய், மற்றவருக்கு மாமி. வயது எழுபத்து நான்கு. இந்தப் பயணத் திட்டத்தில் தூரம், செலவு, எல்லைச் சோதனை எல்லாம் எளிதில் தீர்ந்த கணக்குகள். தீராமல் நின்றது ஒன்றே: அம்மம்மா எங்கே படுப்பார்?

பிள்ளைகள் பாடசாலையில் கற்றுவந்த சொல் 'காம்பிங்'. அதைத் தமிழில் சொல்லிப் பார்த்தோம். தமிழுக்கு வந்ததும் அதிலிருந்த உல்லாசம் கழன்றுவிட்டது. எங்கள் தலைமுறை ஈழத்தவருக்கு முகாம் என்ற சொல்லுக்கு இரண்டே பொருள். ஒன்று, இராணுவம் இருக்குமிடம். மற்றது, இராணுவத்துக்குப் பயந்து ஓடியவர்கள் இருக்குமிடம். மாதங்களுக்கு முன்பே காசு கட்டி, தரையில் படுப்பதற்கு இடம் பிடிப்பதென்ற மூன்றாவது பொருளைக் கனடாவுக்கு வந்த பிறகே அறிந்தோம். அதைப் பழகிக்கொள்ள எங்களுக்கே பத்து வருடம் பிடித்தது.

கூடாரம் வாங்கிவந்த அன்று வரவேற்பறையில் அதை விரித்தோம். கழிவு விலையில் இருந்தது நீலம் மட்டும்தான். அம்மம்மா கிட்டே வந்து துணியின் ஓரத்தை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தார். "தறப்பாள் மாதிரி இல்லை. இது மெல்லிசு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்தை விட்டு வெளியேறும்படி அறிவிக்கப்பட்டபோது, லட்சக்கணக்கானோர் மழையில் நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தார்கள். அந்தக் கூட்டத்தில் எங்கள் குடும்பமும் இருந்தது. கொடிகாமத்தில் ஒரு பாடசாலை விறாந்தை. பிறகு கிளாலிக் கடலைக் கடந்து கிளிநொச்சி. 1996 இல் அங்கிருந்தும் எழும்பி, காட்டோரத்தில் ஒரு மரத்தடி. மரத்தடிக்கு மேலே நீலத் தறப்பாள் வந்தது, சில மாதம் கழித்துத் தறப்பாளுக்கு மேலே கிடுகு வந்தது. அம்மம்மா இதையெல்லாம் கதையாக ஒருநாளும் சொன்னதில்லை. அளவுகளாக மட்டும் சொல்வார். பன்னிரண்டடித் தறப்பாள். ஏழு பேர். கிணற்றுக்கு அரை மைல்.

எங்களுக்குள் இரண்டு கட்சி உண்டானது. அம்மம்மாவை மார்க்கத்தில் சின்னம்மா வீட்டில் விட்டுப் போகலாம் என்றது ஒரு கட்சி. அவர் வராவிட்டால் ஒருவரும் போகவேண்டாம் என்றது மற்றது. பிள்ளைகள் உறங்கிய பிறகு சமையலறையில் குரலைத் தாழ்த்தி வாதாடினோம். அவருடைய துயரத்தை மதிக்கிறோம் என்று எண்ணிக்கொண்டு அவரை வீட்டில் விட்டால், துயரத்தோடு சேர்த்து அவரையும் பூட்டிவைப்பதாகாதா? சரி, பிள்ளைகளின் விடுமுறைக்காக அவரை மறுபடியும் தரையில் கிடத்த நாம் யார்? இரண்டுமே நியாயமாகத் தோன்றியதால் வாதம் நான்கு இரவுகள் நீண்டது. ஐந்தாம் நாள் அவரிடமே கேட்டோம்.

"எத்தினை இரவு?" என்றார்.

"பன்னிரண்டு. அதில ஏழு கூடாரத்தில, மிச்சம் மோட்டலில."

"பன்னிரண்டு முடிய வீட்டை வாறது நிச்சயமோ?"

"நிச்சயம்."

"அப்ப அது முகாம் இல்லை" என்று எழுந்துபோய் அடுப்பைக் குறைத்தார்.

இரண்டு நாள் கழித்து நிபந்தனைகள் வந்தன. இரவில் வாகனம் எப்போதும் வெளியேறும் பாதையைப் பார்த்தபடி நிற்கவேண்டும். பெற்றோல் பாதித் தாங்கிக்குக் கீழே இறங்கக்கூடாது. வாகனத்தின் திறப்பு அவருடைய தலையணைக்கடியில் இருக்கவேண்டும். நாங்கள் சம்மதித்தோம். வேடிக்கை என்னவென்றால், வடகரையில் பயணம் செய்து பழகியவர்கள் எல்லோரும் சொல்லும் முதல் அறிவுரையும் பெற்றோலைப் பற்றியதுதான். சூ சென் மரியிலிருந்து வாவா ஊர்வரையான 17ஆம் நெடுஞ்சாலை 1960 இல்தான் இணைந்து முடிந்தது. இன்றும் அந்த வழியில் நெடுந்தூரம் காடும் கல்லும் தண்ணீரும் மட்டுமே. கைத்தொலைபேசி பல இடங்களில் ஊமை.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதிலும் அம்மம்மாவே தீர்ப்புச் சொன்னார். கனடியக் கரையை முதலில் முடித்து அமெரிக்கா வழியாகத் திரும்புவதே எங்கள் பழைய எண்ணம். பென்சில் கோட்டை அவர் விரலால் தொடர்ந்து பார்த்தார். "இது இடமெல்லோ. நல்லூரில ஆரும் இடமாய்ச் சுற்றுறவையோ?" என்றார். கோட்டை அழித்து மறுபக்கமாகப் போட்டுப் பார்த்தோம். வீதியின் வலப்புறமாக ஓட்டும் நாடுகள் இவை. வலமாகச் சுற்றினால் ஏரி பயணம் முழுக்க எங்கள் வலக்கைப் பக்கமே இருக்கும். அம்மம்மா அமரும் முன்னிருக்கையின் யன்னலில் தண்ணீர் தெரியும். கரையோரத்தில் நிறுத்த நினைத்தால் எதிரே வரும் பார ஊர்திகளைக் குறுக்கறுக்கத் தேவையில்லை. ஆகமமும் போக்குவரத்துச் சட்டமும் ஒரே கட்சியில் நின்றதை நாங்கள் அன்றுதான் கண்டோம்.

பெயரைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 'சுப்பீரியர்' என்பது உயர்ந்தது, சிறந்தது என்ற பெருமைப் பெயரன்று. மற்ற ஏரிகளுக்கு மேலே இருப்பதால் பிரெஞ்சுக்காரர் 'மேல் ஏரி' என்றார்கள், அவ்வளவுதான். கரைகளில் தொன்றுதொட்டு வாழும் அனிஷினாபே மக்கள் இட்ட பெயர் கிச்சிகாமி, அதாவது பெருங்கடல். எங்களுக்கு இந்தப் பெயரே பொருத்தமாகப் படுகிறது. எதிர்க்கரை தெரியாத நீரைக் குளம் என்றோ ஏரி என்றோ சொல்ல யாழ்ப்பாணத்தவருக்கு நா எழாது.

இனி வழி. முதலில் வைற்பிஷ் முனை. 1975 நவம்பர் 10 அன்று எட்மண்ட் ஃபிற்ஸ்ஜெரல்ட் என்ற இரும்புத்தாதுக் கப்பல் அதற்கு அப்பால் புயலில் மூழ்கியது. அதிலிருந்த 29 பேரில் ஒருவரும் மீளவில்லை. உடல்களும் மீட்கப்படவில்லை. 1995 இல் கப்பலின் மணியை மட்டும் மேலே கொண்டுவந்து அங்குள்ள அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். மணியைப் பார்க்கவேண்டுமென்று மகன் சொன்னான். 1995 என்ற ஆண்டை எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்லுவதில்லை. அவனுக்கு அது தெரியாது. பிறகு பிக்சர்ட் ரொக்ஸின் வண்ணப் பாறைச்சுவர்கள், போர்க்குப்பைன் மலைக்காடு, டலூத்தின் தூக்குப்பாலம். பிஜன் ஆற்றில் மறுபடி எல்லை. கடிகாரத்தை ஒருமுறை பின்னே தள்ளி ஒருமுறை முன்னே இழுக்கவேண்டும். தண்டர் பேயில் ஓர் இரவு மோட்டல். ஒற்றைக் காலோடு கனடாவைக் கடக்கப் புறப்பட்ட டெரி ஃபொக்ஸ், 143 நாள் ஓடி, 1980 செப்டெம்பர் 1 அன்று நின்ற இடம் அதன் அருகில்தான். கடைசியாக அகாவாப் பாறை. செங்காவியில் தீட்டிய கொம்புள்ள நீர்ப்பூனை மிஷிபெஷு அதன் முகத்தில் இருக்கிறது. நீர் விளிம்பில் வழுக்கும் கல்லில் நின்று பார்க்கவேண்டும். அம்மம்மாவின் முழங்கால் அதற்கு விடாது. எங்களில் ஒருவர் அவரோடு மேலே இருக்கப்போகிறோம்.

உணவுக் கணக்கு வேறு. கறிவேப்பிலை எல்லையைக் கடக்காது. அது எலுமிச்சைக்கு உறவு. தோடை மரங்களைக் கொல்லும் நோயைக் காவும் பூச்சி அதில் குடியிருக்கும். விறகும் வீட்டிலிருந்து கொண்டுபோகக்கூடாது. 2002 இல் டிட்ரொயிட் பக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பச்சை வண்டு, விறகோடு விறகாகப் பயணம் செய்து கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைத் தின்று தீர்த்திருக்கிறது. கருவாட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. கரடிக்குப் பற்பசையின் மணமே போதும் என்கிறார்கள். எங்கள் கருவாட்டுக்கு அது மினசோட்டாவிலிருந்தே நடந்து வரும். பருத்தித்துறை வடை தாராளமாக வரும்.

கஷ்டமான முடிவு நேய்ஸ் பூங்கா பற்றியது. வடகரையில் மரதன் என்ற சிற்றூருக்கு மேற்கே இருக்கிறது. நீண்ட மணற்கரை. எதிரே தெரியும் பிக் தீவை லோரன் ஹரிஸ் 1920களில் வரைந்த ஓவியம் கனடாவில் பெயர்பெற்றது. அந்த ஓவியத்தைப் பார்த்துத்தான் அங்கே ஓர் இரவு தங்க நினைத்தோம். பிறகு வாசித்தபோது தெரிந்தது, இரண்டாம் உலகப் போரின்போது அதே நிலத்தில் ஜெர்மானியப் போர்க்கைதிகளை அடைத்துவைத்திருந்தார்கள் என்பது. 100ஆம் இலக்க முகாம். அந்த வனத்தில் முள்வேலியைத் தாண்டினாலும் போக இடமில்லை: ஒருபுறம் உறைகுளிர் நீர், மறுபுறம் முடிவில்லாக் காடு.

சொல்லாமல் கூட்டிப்போக எங்களுக்கு மனமில்லை. சொன்னோம். அம்மம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "வேலி இப்பவும் நிக்குதோ?" என்று கேட்டார். இல்லை, அத்திவாரத் தடயங்கள் சிலதான் என்றோம். "கைதியள் ஊருக்குத் திரும்பினவையோ?" போர் முடிந்த பிறகு அனுப்பிவிட்டார்கள் என்றோம். தலையை ஆட்டினார். அது சம்மதமா என்று எங்களுக்கு விளங்கவில்லை.

அதே பேச்சில் நிப்பிகன் பாலமும் வந்தது. கனடாவின் கிழக்கையும் மேற்கையும் நாட்டுக்குள்ளேயே வீதியால் இணைப்பது அந்த ஓரிடம் மட்டும்தான். 2016 ஜனவரியில், திறந்து சில வாரங்களே ஆன புதுப் பாலத்தின் தளம் மேலெழுந்து பாதை மூடப்பட்டது. நாடே இரண்டாகிவிட்டது என்று செய்தித்தாள்கள் எழுதின. பிள்ளைகள் இதை நம்பவில்லை. இவ்வளவு பெரிய நாட்டுக்கு ஒரே பாலமா என்றார்கள். அம்மம்மாவுக்கு அதில் வியப்பேதும் இல்லை. "எல்லா இடத்திலும் ஒரு நாவற்குழி இருக்கும்" என்றார்.

சமையற் சாமான் பட்டியலை அவரிடம் ஒப்படைத்திருந்தோம். பழைய கொப்பித் தாளில், சாய்ந்த கையெழுத்தில் எழுதித் தந்தார். முதல் வரியில் கடவுச்சீட்டுகள். இரண்டாவது, காணி உறுதி. மூன்றாவது, பொலித்தீன் பை இரண்டு. அதன் பிறகுதான் நெருப்புப்பெட்டியும் அரிசியும் உப்பும். உறுதி எதற்கு என்று மகள் கேட்டாள். வீட்டை விட்டுப் போகும்போது அது கையில் இருக்கவேண்டும் என்று மட்டும் சொன்னார். எங்களில் ஒருவர் அந்த வரியை வெட்டப் பேனையை எடுத்தார்; மற்றவர் கையைப் பிடித்தார். மானிப்பாயில் வீடில்லாத வெறும் நிலம் ஒன்றின் உறுதி, சுப்பீரியர் ஏரியைச் சுற்றிவரப்போகிறது.

ஒன்ராறியோப் பூங்காக்களில் ஐந்து மாதம் முன்பே, காலை ஏழு மணிக்கு முன்பதிவு திறக்கும். நேய்ஸ் இரவுக்கான நாள் நேற்று. ஆறரைக்கே மேசையைச் சுற்றி நாங்கள் எல்லோரும். அம்மம்மா ஐந்து மணிக்கே எழுந்து தேநீர் ஊற்றிவிட்டிருந்தார். ஏழு அடித்ததும் மணற்கரையோர இடங்கள் கண்முன்னே ஒவ்வொன்றாக மறைந்தன. மகள் புலம்பினாள். உள்ளே தள்ளி, பூங்காவின் வாசலுக்குப் போகும் பாதையருகே ஓர் இடம் மிஞ்சியிருந்தது. கடலும் தெரியாது, தீவும் தெரியாது. நாங்கள் தயங்கினோம். அம்மம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரைக்குக் கிட்ட வந்தார்.

"வழிக்குக் கிட்ட இருக்கு. அதையே எடு பிள்ளை" என்றார்.

எடுத்தோம். இப்போது மிச்சமிருப்பது இடியப்ப உரலுக்கு வாகனத்தில் இடமுண்டா என்ற வழக்கு மட்டும். மருமகன் இல்லை என்கிறார். மாமி இன்னும் பதில் சொல்லவில்லை.