ஓடைக்கரையில் படம் எடுத்த கதை

படம் எடுக்கத் திரேஸ்புரம் போகிறோம் என்றதும் எல்லாரும் கடலைப் பற்றித்தான் கேட்டார்கள். முத்துக்குளிப்பா, சங்குகுளிப்பா என்று. தூத்துக்குடி என்றாலே அப்படித்தான் நமக்குப் பழக்கி வைத்திருக்கிறார்கள். முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுபோனது. சங்கு குளிக்க இன்றைக்கும் திரேஸ்புரத்திலிருந்து ஆட்கள் போகிறார்கள். மூச்சடக்கி மூழ்கும் அந்த உழைப்பைப் படமெடுக்க ஆளிருக்கிறது. அதே கரையில்தான் ஊர்க் கழிவையெல்லாம் சுமந்துகொண்டு பக்கிள் ஓடை கடலில் விழுகிறது. ஓடைச் சகதி அள்ளுகிறவர்களுக்கும் மூச்சடக்கத் தெரியும். அவர்களை எடுக்க வேண்டும் என்றாள் என் அக்கா மகள்.

அவள் விஸ்காம் கடைசி வருஷம். எங்கள் குடும்பத்தில் கேமராவைத் தொட்ட முதல் ஆள். புராஜெக்ட் படம் ஒன்று எடுத்துக் கொடுக்க வேண்டும். கூட 2 பையன்கள். "நீங்க வந்தா ஆளுக பேசுவாங்க மாமா" என்று என்னையும் இழுத்துக்கொண்டாள். எம்.ஏ. தமிழ் படித்தவன், 15 வருஷமாக இயக்கத்தில் இருப்பவன், மேடையில் பேசுகிறவன். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

முதல் தடை வகுப்பறையிலேயே வந்தது. "சாக்கடையை யாரும்மா பாப்பா? சங்கு எடு, விஷுவல் நல்லா வரும்" என்றார் வழிகாட்டி ஆசிரியர். அவள் விடவில்லை. மதுரையில் மலம் அள்ளும் மாரியம்மாளை வைத்து ஆர்.பி. அமுதன் 2003இல் எடுத்த 'பீ' படத்தையும், திவ்யபாரதி 2017இல் எடுத்த 'கக்கூஸ்' படத்தையும் லேப்டாப்பில் போட்டுக் காட்டினாள். 'கக்கூஸ்' திரையிட அனுமதி மறுக்கப்பட்டதும், மாணவியாக இருந்தபோது 2009இல் கலந்துகொண்ட போராட்டத்தின் வழக்கைத் தூசிதட்டி 2017 ஜூலையில் திவ்யபாரதியைக் கைது செய்ததும் இந்த இதழ் வாசகர்களுக்குத் தெரியும். ஆசிரியர் கடைசியில், "உன் இஷ்டம்" என்றார். அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டோம்.

2023 நவம்பரில் தொடங்கினோம். கேமராவைக் கண்டதும் திரேஸ்புரத்தில் கேட்ட முதல் கேள்வி "எந்த டிவி?" 2018 மே மாதம் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் சுட்டு 13 பேர் செத்தார்கள். அதில் ஒரு பெண் திரேஸ்புரத்தில் விழுந்தவர். அதற்குப் பிறகு வெளியூர்க் கேமராவை அந்த மக்கள் எப்படிப் பார்ப்பார்கள்? டிவி இல்லை, படிக்கிற பிள்ளைகள் என்று சொல்லிச் சொல்லித்தான் நடந்தோம். ஓடைக்கரையில் ஒரு மேஸ்திரி மறித்தார். "யாரைக் கேட்டு எடுக்கீங்க? ஆபத்து வந்தா யார் பொறுப்பு?" நான் விடவில்லை. 2013ஆம் வருஷச் சட்டம் என்ன சொல்கிறது, பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்கலாமா என்று நடுரோட்டில் வைத்துப் பேசினேன். மேஸ்திரி போய்விட்டார். பையன்கள் என்னை ஹீரோ மாதிரி பார்த்தார்கள்.

அங்கேதான் அந்த அக்கா அறிமுகமானார். ஐம்பது வயதிருக்கும். அருந்ததியர். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "மூஞ்சி வேண்டாம் சார். எம் மவ நர்சிங் படிக்கா. கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கு நான் என்ன வேலை பாக்கேன்னு தெரியாது." ஒத்துக்கொண்டோம். நாலு நாள் எடுத்தோம்.

டிசம்பர் 17, 18 மழை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. தூத்துக்குடியில் தெருத்தெருவாகத் தண்ணீர் நின்றது. ஹார்டு டிஸ்க் ஒரு பையன் வீட்டுக் கட்டிலடியில் இருந்தது. கீழ்வீடு. எடுத்ததெல்லாம் போயிற்று. அக்கா மகள் அழுதாள். பிறகு அவளே, "அந்த அக்கா வீட்டுக்குள்ளயும் தண்ணி. அவங்க மறுநாளே வேலைக்கு வந்துட்டாங்க மாமா. நாம டிஸ்க்குக்கு அழுதுக்கிட்டு இருக்கோம்" என்றாள். ஜனவரியில் மறுபடியும் போனோம்.

அன்றைக்குத்தான் அது நடந்தது. வேலை முடிந்து அந்த அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தோம். எவர்சில்வர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அக்கா மகள் வாங்கி மடமடவென்று குடித்தாள். அடுத்து என்னிடம் நீட்டினார். "இருக்குக்கா" என்று பையிலிருந்து என் பாட்டிலை எடுத்துக் காட்டினேன். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பையனும் அப்படியே செய்தான். அந்த அக்கா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார்.

மறுநாள் ஆள் வரவில்லை. "வேற யாரையாவது எடுத்துக்கோங்க" என்று சொல்லியனுப்பிவிட்டார். எனக்குக் காரணம் புரியவில்லை என்றுதான் முதலில் சொன்னேன். அக்கா மகள் லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். கேமரா ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. செம்பு வருகிறது. ஒரு கை அதை மறுத்து பாட்டிலைத் தூக்குகிறது. என் கை.

"தண்ணி நல்லா இருக்குமோ இருக்காதோன்னு..." என்று இழுத்தேன். "போன தெருவுல டீக்கடைத் தண்ணி குடிச்சிய மாமா" என்றாள்.

நான் பள்ளர் வீட்டில் பிறந்தவன். எங்கள் ஊரில் எங்களுக்குத் தனி டம்ளர் வைத்திருந்த கடையைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறேன், மேடையில் சொல்லியிருக்கிறேன், கைதட்டும் வாங்கியிருக்கிறேன். எங்கள் தெருவுக்குத் தெற்கே இருந்த சக்கிலியத் தெருவில் விளையாடிவிட்டு வந்தால் அம்மா வாசலிலேயே நிறுத்திக் கேட்பாள்: "அங்க தண்ணி கிண்ணி குடிச்சியால?" இதை நான் எழுதியதில்லை. அம்பேத்கரைப் படித்தது என் வாய். கை இன்னும் அம்மா பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது.

இன்னும் சொல்லவேண்டியது இருக்கிறது. 2009இல் அருந்ததியருக்கு 18 சதவீதத்துக்குள் 3 சதவீதம் உள்ஒதுக்கீடு வந்தபோது விடுதியில் உட்கார்ந்துகொண்டு 'தலித் ஒற்றுமையை உடைக்கிற வேலை' என்று பேசியவர்களில் நானும் ஒருவன். 'கக்கூஸ்' படத்தில் எங்கள் சாதிப் பெயர் எப்படி வரலாம் என்று 2017இல் எதிர்ப்புக் கிளம்பி, அந்தப் பெண்ணுக்குப் போனில் மிரட்டல்கள் வந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் அந்த அக்கா வீட்டுக்குப் போனோம். நடந்ததை நடந்தபடி சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்:

"ஒங்க ஊர்ல எங்க ஆளுக தெரு எந்தப் பக்கம்?"

"எங்க தெருவுக்கும் தெக்க."

"ஒங்க தெரு?"

"ஊருக்குத் தெக்க."

"ஊருக்கு நீங்க தள்ளி. ஒங்களுக்கு நாங்க தள்ளி." அவ்வளவுதான் சொன்னார். கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. எழுந்திரிக்கும்போது, "நாளைக்கு அஞ்சரைக்கே வந்திருங்க. மஸ்டர் போட்டுட்டா நிக்க முடியாது" என்றார்.

வந்தோம். முகம் கிடையாது என்பதால் கைகளையும் குரலையும் வைத்தே படம் வளர்ந்தது. கையுறை ஆம்பளைக் கைக்குச் செய்தது, போட்டால் மண்வெட்டி வழுக்குகிறது என்று காட்டினார். வெள்ளம் வடிந்த பிறகு ஓடையில் என்னென்ன வந்தது என்று சொன்னார்: பாய், செருப்பு, பிள்ளைகள் புத்தகம், செத்த ஆடு. சேற்றுப்புண்ணில் வேப்பெண்ணெய் தடவுகிற விரல்களை மட்டுமே ஒரு நிமிஷம் வைத்திருக்கிறாள் அக்கா மகள்.

எடிட்டிங்கில் என் கை வரும் காட்சியை எடுத்துவிடச் சொன்னேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். "அந்த அக்கா மூஞ்சி வேண்டாம்னாங்க, கேட்டோம். ஒங்களுக்கும் அதே சலுகைதான் மாமா. மூஞ்சி வராது, கை வரும்" என்றாள்.

2024 ஏப்ரலில் அந்த அக்கா தெருவிலேயே வெள்ளை வேட்டி கட்டிப் படம் போட்டோம். 14 நிமிஷம். பாட்டில் தூக்கும் கை வந்ததும் ஒரு பெரியவர், "யாரு கைடே அது?" என்று சத்தமாகக் கேட்டார். அந்த அக்கா என் பக்கம் திரும்பாமலே, "யாரோ படிச்ச ஆளு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். முடிந்ததும் செம்பு வந்தது. குடித்தேன். ஒரு செம்புத் தண்ணீரில் தீருகிற கணக்கு இல்லை இது என்று எனக்கும் தெரியும், கொடுத்தவருக்கும் தெரியும். ஆனால் இந்தத் தடவை அவர் என்னைத் 'தம்பி' என்றார்.

அந்த வருஷம் ஆகஸ்ட் 1ஆம் தேதி உள்ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நம் வட்டத்தில் சிலர் மறுபடியும் 'ஒற்றுமை' பேச வந்தார்கள். அவர்களிடம் நான் வாதம் ஒன்றும் செய்யவில்லை. அந்த அக்கா கேட்டதையே கேட்டேன். இதை வாசிக்கிற தோழர்களையும் அதையேதான் கேட்கிறேன்: உங்கள் ஊரில் அவர்கள் தெரு எந்தப் பக்கம் இருக்கிறது? கடைசியாக எப்போது அங்கே தண்ணீர் வாங்கிக் குடித்தீர்கள்?