அடிக்கு ஒரு நூல்

கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்து பாய்மரக் கப்பல் செய்கிறேன் என்றால் சிரிக்கத்தானே செய்வீர்கள்? என் நண்பர்களும் சிரித்தார்கள். "நொய்யல்ல விடப்போறியா?" என்றான் ஒருவன். முதலில் நொய்யலில் தண்ணீர் வரட்டும் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

நான் செய்வது 'டிரிங்கோமலி' என்ற போர்க்கப்பலின் மாதிரி. பெயர் திருகோணமலையுடையது. கட்டியது பம்பாயில், வாடியா என்ற பார்சி குடும்பத்தார். 1817 அக்டோபர் 12 அன்று கடலில் இறக்கினார்கள். பிரிட்டிஷ் கடற்படைக்கு ஓக் மரம் தட்டுப்பாடாக இருந்த காலம் அது; அதனால் மலபார் தேக்கில் கட்டினார்கள். ஓக் மரத்தில் உள்ள அமிலம் இரும்பு ஆணியை அரித்துவிடும். தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால் ஆணியும் கெடாது, மரமும் உளுத்துப்போகாது. இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் அந்தக் கப்பல் இன்றும் மிதக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நம் ஆனைமலைத் தேக்கும் அதே பம்பாய்த் தளத்துக்குப் போயிருக்கிறது. ஆக, கப்பலுக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது!

இந்தக் கப்பலுக்கான வரைபடங்கள் முதலில் 'ஜாவா' என்ற கப்பலில் பம்பாய்க்கு அனுப்பப்பட்டன. 1812 டிசம்பரில் பிரேசில் கடலோரம் அமெரிக்கர்கள் அந்தக் கப்பலையே அழித்துவிட, மறுபடி ஒரு பிரதி அனுப்ப வேண்டியதாயிற்று. எனக்கு அந்தக் கஷ்டமில்லை. வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு கணபதியில் இருக்கும் அப்புச்சி வீட்டுக்குப் போனேன்.

அப்புச்சி நாற்பது வருடம் பேட்டர்ன் வேலை செய்தவர். பவுண்டரியில் பம்பு வார்ப்பதற்கு முன் அதே உருவத்தை மரத்தில் செய்வார்கள். அதை மணலில் பதித்து எடுத்தால் கிடைக்கும் குழியில் உருகிய இரும்பை ஊற்றுவார்கள். இரும்பு ஆறும்போது சுருங்கும். வார்ப்பிரும்பு என்றால் அடிக்கு ஒரு நூல், அதாவது எட்டில் ஒரு அங்குலம். அதனால் பேட்டர்னை அந்த அளவு பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் கணக்குப் போடாமலிருக்க, கோடுகளே கொஞ்சம் தள்ளித் தள்ளி இருக்கும் கான்ட்ராக்‌ஷன் ஸ்கேல் என்று ஒன்று வைத்திருப்பார்கள். பார்வைக்குச் சாதாரண எஃகு ஸ்கேல் மாதிரியேதான் இருக்கும்.

என் மாதிரியின் அளவு 96க்கு 1. அதுவும் அடிக்கு ஒரு நூல்தான்! கப்பலின் பீரங்கித் தளம் சுமார் 150 அடி நீளம். என் மாதிரியில் 150 நூல், அதாவது பதினெட்டே முக்கால் அங்குலம். இந்தப் பொருத்தத்தைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில், பெட்டியிலிருந்து கைக்குக் கிடைத்த ஸ்கேலை எடுத்து அடிமரத்தை அளந்து அறுத்தேன். விலாச் சட்டங்களைச் சொருகும் காடிகளையும் அதே ஸ்கேலில் குறித்தேன்.

மூன்று வாரம் கழித்து, வரைபடத்தை ஒட்டி வெட்டிய மேல்தளத்தை வைத்துப் பார்த்தால் ஒன்றரை நூல் குறைகிறது. ஒரு சட்டமும் நேராக உட்காரவில்லை. நான் எடுத்தது எந்த ஸ்கேல் என்று உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும்.

அப்புச்சிக்கு ஒரு கண்ணில் புரை. விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏங்கண்ணு, இதுல எத்தன உருப்படி எடுக்கப்போற?"

"ஒண்ணுதானுங்கப்புச்சி."

"அப்பறமென்ன? மக்கு வெச்சு அடைச்சு உட்டுரு."

திட்டியிருந்தால் கூட இவ்வளவு வலித்திருக்காது. அரை நூல் பிசகியதற்காக முடித்த பேட்டர்னை உடைத்து அடுப்பில் போட்டவர் என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு பேட்டர்னில் தப்பு என்றால் ஆயிரம் பம்பில் தப்பு. என் கப்பலை அவர் அந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பேரன் விளையாடுகிறான், விளையாடட்டும் என்று நினைத்துவிட்டார்.

அன்று ராத்திரியே எல்லாவற்றையும் பிரித்துப் போட்டேன். மறுநாள் காலை அவர் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. பரண் மேலிருந்து ஒரு பழைய தேக்கு பேட்டர்னை இறக்கி வைத்தார். என்றோ மூடிவிட்ட ஒரு கம்பெனிக்காகச் செய்தது. "நல்லா ஆறுன மரம். ஏராவுக்கு இதை அறுத்துக்க" என்றார்.

அறுக்க எனக்கு மனசு வரவில்லை. இப்போது கணினியில் வரைந்து மெஷினிலேயே பேட்டர்ன் செதுக்கிவிடுகிறார்கள். அவர் கையால் செய்ததில் வீட்டில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதைச் சொன்னதற்கு, "பரண்ல கெடந்து என்ன பண்ணப்போகுது?" என்று ரம்பத்தை அவரே எடுத்துக் கொடுத்தார்.

புது அடிமரத்தில் சட்டங்கள் நேராக நிற்கின்றன. இப்போது பலகை ஒட்டிக்கொண்டிருக்கிறேன். வெந்நீரில் ஊறவைத்து வளைத்தாலும் தேக்கு பல சமயம் பிளந்துவிடுகிறது. ஒட்டியதை அப்புச்சி விரலால் தடவுவார். மேடு தட்டினால் "இழைச்சுட்டு வா" என்பார். இதுவரை நான்கு பலகைகளைப் பிய்த்தாயிற்று. மக்கு என்ற பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை.

கான்ட்ராக்‌ஷன் ஸ்கேலின் ஓட்டையில் ஒரு சிவப்பு நூலைக் கட்டித் தனியாக வைத்துவிட்டார். பாய்மரம் நட இன்னும் ஆறு மாதமாவது ஆகும். அதற்குள் அவருக்குக் கண் ஆபரேஷன் முடிந்துவிட வேண்டும்.