கட்டின் நடுவே இருக்கும் தோல்

ஆம்பூர்க் கிளைக்கு மாற்றல் வந்தபோது நண்பர்கள் எல்லோரும் பிரியாணியைப் பற்றித்தான் பேசினார்கள். நாற்றத்தைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. ரயில் வேகம் குறையும்போதே மூக்கு ஊர்ப்பெயரைச் சொல்லிவிட்டது. சுண்ணாம்பும் உப்பும் பச்சைத்தோலும் கலந்த வாடை. இங்கே எப்படிக் குப்பை கொட்டப் போகிறோம் என்று முதல் இரவு தூக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் வாடை காணாமல் போனது. ஊர் அப்படியேதான் இருந்தது. என் மூக்குப் பழகிவிட்டது.

எண்பதுகளின் கடைசி அது. வங்கியில் எனக்குக் கடன் பிரிவு. வெளிநாட்டு ஆர்டரைக் காட்டி டேனரிக்காரர்கள் பேக்கிங் கிரெடிட் வாங்குவார்கள், தோல்தான் ஈடு. மாதாமாதம் அவர்கள் தரும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் சொன்ன சரக்கு குடோனில் இருக்கிறதா என்று போய் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. எனக்கு எண்ணத் தெரியும். தோல் தெரியாது.

முதல் வருஷமே அடி விழுந்தது. ஒரு டேனரியில், பெயர் வேண்டாம், இன்று அது இல்லவும் இல்லை, கட்டுக் கட்டாக அடுக்கியிருந்ததை எண்ணினேன். மேலே இருந்ததைத் தடவிப் பார்த்தேன். முதல் தரம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சில மாதங்களில் கணக்கு முடங்கியது. ஏலம் விடுவதற்காகக் கட்டுகளை அவிழ்த்தால் மேலே இரண்டு, அடியில் இரண்டு நல்ல தோல். நடுவில் இருந்தது அத்தனையும் கழிசடை. மேலாளர் திட்டியிருந்தால் தேவலை. "நாளைக் காலையில அந்தப் பாய்கிட்டப் போய்த் தோல் பாக்கக் கத்துக்கிட்டு வா" என்று, ஊரின் பழைய டேனரி ஒன்றுக்கு என்னைப் பள்ளிக்கூடப் பையன்போல அனுப்பிவைத்தார்.

பாய்க்கு அப்போது ஐம்பது வயதுக்குள் இருக்கும். நான் ஒன்பதரை மணிக்குப் போய் ஆபீஸ் அறையில் உட்கார்ந்தேன். பத்தாயிற்று, பத்தேகாலாயிற்று. "மொதலாளி இங்க உக்காந்தா ஆப்புட மாட்டாரு சார், செலக்‌ஷனுக்குப் போங்க" என்றார் பியூன். விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் நேரே குழிகளுக்கு வந்து, டிரம்களைப் பார்த்து, செலக்‌ஷனில் நின்றுவிட்டு, பதினொரு மணிக்கு மேல்தான் அவர் நாற்காலியில் உட்காருவார் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

செலக்‌ஷன் என்பது தரம் பிரிக்கும் இடம். வடக்குப் பார்த்த நீள ஜன்னல்கள். வெயில் நேராக விழுந்தால் குறை தெரியாது என்பதால் அப்படி. மேஜைமேல் ஒரு ஆட்டுத்தோலை விரித்து, கழுத்திலிருந்து வால்வரை உள்ளங்கையால் ஒரு தடவு. ஜன்னல் பக்கம் சற்றே தூக்கி வளைத்து ஒரு பார்வை. அவ்வளவுதான், தரம் சொல்லி அடுக்கில் எறிந்துவிடுவார்கள். எனக்கு வழவழப்பாகத் தெரிந்த ஓரிடத்தில் செலக்‌ஷன்காரர் என் விரலைப் பிடித்து வைத்தார்.

"இத்த பாரு சார். உண்ணி கடிச்ச தடம் கீது."

குண்டூசி முனை அளவு. இன்னொன்றில் முள் கீறல், ஆறிப்போய் வெள்ளைக் கோடாக. சூட்டுக்கோல் வைத்த தடம். உரித்தவனின் கத்தி சறுக்கிய வெட்டு. உப்புப் போடத் தாமதமானதால் விழுந்த கறை. ஆடு எந்தக் காட்டில் மேய்ந்தது, யார் அவசரப்பட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். சாயம் ஏற்றிப் பளபளப்பு அடித்தால் இதில் பாதி மறைந்துவிடும். அதற்கு முன்னால் பார்த்துவிட வேண்டும்.

பாய் அதிகம் பேசவில்லை. "மேல இருக்கறத நாங்க காட்டுவோம் சார். நடுவுல இருக்கறத நீங்கதான் உருவணும்" என்றார். சொல்லிவிட்டுத் தரம் பிரித்துக் கட்டிவைத்திருந்த தன் சரக்கிலேயே ஒரு கட்டை அவிழ்த்து நடுவிலிருந்து ஒன்றை இழுத்தார். அதில் குறை இருந்தது. செலக்‌ஷன்காரரைப் பார்த்தார், அவர் தலையைச் சொறிந்தார். கடன் கொடுத்த வங்கிக்காரன் நின்றுகொண்டிருக்கும்போதே அந்தக் கட்டு முழுவதும் மறுபடி மேஜைக்குப் போனது.

ஓய்வுபெற்ற பிறகு, வெற்றிபெற்ற தொழிலதிபர்களின் குணங்கள் பற்றிய புத்தகங்கள் சில படித்தேன். தொலைநோக்கு, துணிச்சல், விடியற்காலையில் எழுவது என்று பட்டியல் போடுகிறார்கள். விடியற்காலையில் எழுந்த எத்தனையோ பேருக்கு நான் ஜப்தி நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். துணிச்சலும் அப்படித்தான், நடுவில் கழிசடை வைத்துக் கட்டியவரைவிடத் துணிச்சல்காரரை நான் பார்த்ததில்லை. ஜப்பானில் டொயோட்டா கம்பெனியில், சிக்கல் என்றால் அறிக்கையோடு நின்றுவிடாமல் இடத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பது பாலபாடமாம். அதற்கு ஒரு தனிப் பெயரும் வைத்திருக்கிறார்கள். ஆம்பூரில் பெயர் வைக்கவில்லை. பாய் கால் செருப்பில் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும், அதுதான் அடையாளம்.

அவர் அப்பா காலத்துக் கதை ஒன்று சொல்லுவார். இந்தப் பக்கத்தின் பழைய தொழில், ஆவாரம் பட்டை போட்ட குழிகளில் தோலை ஊறவைத்துப் பதனிட்டு, ஈஸ்ட் இந்தியா தோல் என்ற பெயரில் சென்னைப் பெரியமேடு வழியாகக் கப்பலேற்றுவது. மேல்வேலை எல்லாம் சீமையில், காசும் அங்கேதான். எழுபதுகளின் தொடக்கத்தில் சீதாராமையா குழு, இனி தோலை முழுமையாக இங்கேயே முடித்து அனுப்ப வேண்டும் என்றது. 1973இல் பச்சைத்தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது; பாதி பதனிட்ட தோலுக்கு அளவு கட்டினார்கள். தலைமுறை தலைமுறையாகக் குழியை மட்டுமே அறிந்தவர்களுக்கு அது இடி. டெல்லிக்கு மனு போயிற்று. பாயின் அப்பாவும் மனுவில் கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு பழைய ஸ்பிரே மெஷின் ஒன்றுக்கு முன்பணமும் கட்டிவிட்டு வந்தார். மனு ஜெயிக்காது என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டாரா என்று கேட்டேன். "எல்லாரும் போட்டாங்க, அவரு மட்டும் போடாம இருந்தா நல்லாவா இருக்கும்?" என்று சிரித்தார். முடித்த தோலிலிருந்து ஷூவின் அப்பர், அப்பரிலிருந்து முழு ஷூ என்று இந்த ஊர்கள் வளர்ந்த கதை அங்கே தொடங்கியதுதான். 2011இல் ஆம்பூர் ஷூத் தொழிலின் எம்.ரஃபீக் அகமதுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது குழிக்காலத்து ஆட்கள் சிலர் இன்னும் இருந்தார்கள்.

என் கண்ணால் பார்த்தது அடுத்தது. 1989 டிசம்பரில் ஜெர்மனி பென்டாகுளோரோஃபீனால் என்ற ரசாயனத்துக்குத் தடை போட்டது. தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்க நம் டேனரிகள் போட்டுவந்த மருந்து. தோலில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அடுத்த வருஷம் ஒரு திங்கட்கிழமை, கவுன்டர் திறப்பதற்கு முன்பே பாய் வந்து நின்றார்.

"சார், என் கன்டெய்னர் ஹாம்பர்க்ல நிக்குது. திரும்பி வந்துடும்னுதான் தோணுது. பில்லு டியூ இருபத்தெட்டாந்தேதி. இன்னிக்கே சொல்லிட்டா நீங்க மேல எழுதிக்கலாம்."

அன்று தேதி ஒன்பது. இதே சிக்கலில் மாட்டிய இன்னும் மூன்று பேரின் சரக்கு வெளியில் நின்றது. அவர்கள் டியூ தாண்டி, நாங்கள் போன் போட்டு, ஆளனுப்பிய பிறகுதான் வாய் திறந்தார்கள். ஏற்கெனவே அனுப்பிய தந்தி வந்து சேரவில்லை என்றார் ஒருவர். பாய்க்கு அவகாசம் வாங்கித் தர மேலிடத்தோடு சண்டை போட்டேன்; மற்றவர்களுக்காகச் சண்டை போட என்னிடம் சரக்கில்லை. அவர் தோல் மாதிரிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் பஸ் ஏறினார். 1948இல் தொடங்கிய அந்த நிலையத்தை நாயுடம்மா இயக்குநராக இருந்து வளர்த்தபோது, விஞ்ஞானிகள் டேனரி வாசலேறி வருவதும் டேனரிக்காரர்கள் அங்கே போவதும் சகஜமாகியிருந்தது. மாற்று மருந்து கிடைத்தது. 1994இல் அசோ சாயங்களுக்கு ஜெர்மனி தடை போட்டபோது பாய் வங்கிக்கு வரவே இல்லை. சாயம் விற்பவர்களிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்திருந்தார்.

இப்படியே எழுதிக்கொண்டு போனால் அவரை மகானாக்கிவிடுவேன். ஒரு கட்டு இருந்தது. அதை அவரும் உருவவில்லை, ஊரில் ஒருவரும் உருவவில்லை, நானும்தான்.

குண்டூசி முனைத் தழும்பைக் கண்டுபிடிக்கிற கண்கள், டேனரிப் பின்சுவரைத் தாண்டி ஓடிய தண்ணீரின் நிறத்தைப் பார்க்கவில்லை. ஓடை பாலாற்றில் போய்ச் சேரும். ஆற்றங்கரைக் கிணறுகளில் உப்பு ஏறும். தென்னை குருத்திலேயே கருகும். விவசாயிகள் மனுக் கொடுத்துக்கொண்டேதான் இருந்தார்கள். 1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்சநீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. ஒரு கிலோ தோல் முடிக்க ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர். தோல் தொழில் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுவதுமாகவோ பயிருக்கு ஆகாமல் போய்விட்டது என்று அதில் பதிவாகியிருக்கிறது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்றது தீர்ப்பு. டேனரிக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம், சுத்திகரிப்பு இல்லாவிட்டால் பூட்டு. இதைக் கவனிக்கச் சென்னை உயர்நீதிமன்றத்தில் தனிப் பசுமை அமர்வு. இன்று சட்டக் கல்லூரிகளில் இந்த வழக்கைப் பாடமாக வைத்திருக்கிறார்கள்.

இது வியாபாரிகள் கல்நெஞ்சக்காரர்கள் என்பதால் நடக்கவில்லை. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் வந்தது. மேல்விஷாரத்தில் 1965இல் தொடங்கிய கல்லூரிக்குத் தோல் வியாபாரி சி.அப்துல் ஹக்கீம் பெயர். ஆம்பூர் மஸ்ஹருல் உலூம் கல்லூரி 1969. தோல் காசில் படித்த பிள்ளைகள் எத்தனை பேர்! கொடுக்கிற கை இந்த ஊரில் என்றைக்கும் குறைந்ததில்லை. கழிவுநீரைச் செலவுக் கணக்கில் எழுதத்தான் யாருக்கும் தோன்றவில்லை. நான் மாதாமாதம் நிரப்பிய ஆய்வுப் படிவத்தில் தோல், ரசாயனம், மெஷின், இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. தண்ணீருக்குக் கட்டம் கிடையாது. அந்த ஓடையை எத்தனை முறை தாண்டிப் போயிருப்பேன். மூன்றாம் நாளே மூக்குப் பழகிவிட்டதே.

தீர்ப்பு வந்த வாரம் பாயும் மற்றவர்களைப் போலத்தான் கொதித்தார். நாலு தெருவுக்குச் சோறு போடுகிறவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதா என்றார். பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் பங்கு போட்டார், கூட்டங்களுக்குத் தானே போனார். பத்து வருஷம் தாமதம் என்பது என் கணக்கு. அவரிடம் ஒருமுறை சொன்னேன். மறுக்கவில்லை.

நிலையங்கள் வந்ததோடு கதை முடியவும் இல்லை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத்தொட்டிச் சுவர் நள்ளிரவுக்குப் பின் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2025 ஜனவரி 30 அன்று உச்சநீதிமன்றம் மறுபடியும் பாலாற்றைக் கையிலெடுத்து, ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு போடச் சொன்னது.

அந்த வருஷக் கடைசியில் ஒரு கல்யாணத்துக்காக ஆம்பூர் போனேன். ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டிருந்த நேரம். ஊர் முகம் வாடியிருந்தது. பாயின் மகன்தான் இப்போது ஷூ யூனிட்டைப் பார்த்துக்கொள்கிறார். கையில் டேப்லெட், காலில் சொந்த ஷூ. என்ன செய்தீர்கள் என்றேன். பஸ்ஸில் வந்து இறங்கும் பெண்களை ஷிப்ட் தொடங்குவதற்கு முன்னால் நிறுத்தி, ஆர்டர் இவ்வளவு குறைந்திருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஓவர்டைம் கிடையாது, ஆளைக் குறைக்கிற நிலை வந்தால் ஒரு மாதம் முன்னால் நானே சொல்வேன் என்று சொன்னாராம். ஹெச்.ஆரை விட்டுச் சொல்லச் சொன்னார்கள், நான் கேட்கவில்லை என்றார். நான் அவர் செருப்பைப் பார்த்தேன், பழக்கதோஷம். ஷூதான். சுண்ணாம்பு இல்லை.

பாய் வீட்டில் இருந்தார். எண்பத்தைந்து இருக்கும். டீ வந்தது, கேன் தண்ணீரில் போட்ட டீ. முற்றத்துக் கிணற்றின் மேல் இரும்பு மூடி போட்டு, அதன்மேல் குரோட்டன்ஸ் தொட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். நான் அங்கே பார்ப்பதை அவர் பார்த்தார்.

"மூடி ரொம்ப வருஷம் ஆச்சு சார். மருமக தொட்டி வெச்சிருக்கா."

வேறு ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பும்போது வாசல்வரை வந்தார். நான் செருப்பை மாட்டுவதற்குள் குனிந்து, ஒற்றைச் செருப்பைக் கையில் எடுத்து, வாரைக் கட்டைவிரலால் அழுத்தி மடக்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இது தோலே இல்ல சார். எவ்ளோ குடுத்தீங்க?"

சொன்னேன். உள்ளே திரும்பி மகனைக் கூப்பிட்டு, விலையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.